மயக்கத்தின் ஆழத்தை அளந்தவர்: டாக்டர் ஜான் ஸ்நோவின் வாழ்க்கை

ஆபரேஷன் முடிந்து நல்லபடியாக வீடு திரும்பியவரைப் போய்ப் பாருங்கள். கத்தி பிடித்த டாக்டரின் பெயரைச் சொல்வார். அவருடைய கைராசியைப் புகழ்வார். வேளை தவறாமல் மாத்திரை கொடுத்த நர்சைக்கூட மறந்திருக்க மாட்டார். ஆனால் தலைமாட்டில் உட்கார்ந்து மயக்க மருந்து கொடுத்த டாக்டர் யார் என்று கேட்டால் விழிப்பார். அவரைப் பார்த்ததே ஒரு நிமிடம்தான். அதற்குள் கண் மூடிவிட்டது!

கண் மூடியிருந்த அந்த ஒரு மணி, இரண்டு மணி நேரமும் நோயாளியின் உயிர் அந்தப் பெயர் தெரியாத டாக்டரின் பொறுப்பில்தான் இருந்தது. மயக்கம் குறைந்தால் கத்தி படும்போது வலி தெரியும். மயக்கம் மிஞ்சினால் மூச்சு நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே ஒருவரை நிறுத்தி வைப்பது, முள் அசையாமல் தராசு பிடிப்பது போன்ற வேலை.

இந்த வேலைக்கு முதன்முதலில் ஒரு கணக்கு வகுத்தவர் இங்கிலாந்து நாட்டு டாக்டர் ஜான் ஸ்நோ. காலரா தண்ணீரால் பரவுகிறது என்று காட்டியவர் என்ற முறையில் உலகம் இன்று அவரை அறியும். ஆனால் அவர் நாள்தோறும் செய்து வந்த தொழில், ஆபரேஷன் மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்து மயக்க மருந்து கொடுப்பதுதான்.

கூலித் தொழிலாளியின் மகன்

1813-ம் ஆண்டு மார்ச் 15-ந்தேதி, வட இங்கிலாந்தில் உள்ள யார்க் நகரில் ஜான் ஸ்நோ பிறந்தார். தந்தை வில்லியம் ஸ்நோ கூலித் தொழிலாளி. குடியிருந்தது ஊஸ் ஆற்றை ஒட்டிய ஏழைகள் பகுதி. ஆற்றில் வெள்ளம் வந்தால் தண்ணீர் தெருவுக்குள் நுழைந்துவிடும். 9 பிள்ளைகளில் ஜான்தான் மூத்தவர்.

பள்ளியில் கணக்குப் பாடம் அவருக்கு மிகவும் பிடிக்கும். மூத்த பிள்ளையை எப்படியாவது முன்னுக்குக் கொண்டுவர வேண்டும் என்று பெற்றோர் நினைத்தார்கள். 14 வயதிலேயே, சுமார் 80 மைலுக்கு அப்பால் உள்ள நியூகாசில் நகருக்கு அனுப்பினார்கள். அங்கே ஹார்ட்கேசில் என்ற டாக்டரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். இளவயதில் ஊரையும் உறவையும் விட்டு வருவது எப்படி இருக்கும் என்பதை நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

1831-ம் ஆண்டு இங்கிலாந்தில் காலரா புகுந்தது. நியூகாசிலுக்கு அருகே கில்லிங்வொர்த் என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. ரெயில்வே ஊழியர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கலாம். ஜார்ஜ் ஸ்டீபன்சன் 1814-ல் தம் முதல் நீராவி என்ஜினை உருவாக்கிய இடம் அது. அந்தச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்க்க 18 வயது ஸ்நோ அனுப்பப்பட்டார். சுரங்கத்துக்குள் கக்கூஸ் கிடையாது. கழுவாத கையோடுதான் சாப்பாடு. வாந்தியும் பேதியுமாகத் தொழிலாளர்கள் சாய்ந்ததை அவர் நேரில் பார்த்தார். அந்தக் காட்சி அவர் மனதில் நெடுங்காலம் தங்கியிருந்தது.

17 வயதிலேயே ஸ்நோ புலால் உணவை விட்டுவிட்டார். மது அருந்துவதில்லை என்று முடிவு செய்து, மதுவிலக்குப் பிரசாரமும் செய்தார். பின்னாளில் உடல்நலம் கெட்டபோதுதான் இந்த விரதங்களைத் தளர்த்திக்கொண்டார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

கால்நடையாக லண்டனுக்கு

1836-ல் மேற்படிப்புக்காக லண்டன் புறப்பட்டார். எப்படிப் போனார் தெரியுமா? நடந்து! லிவர்பூல், வேல்ஸ், பாத் எனச் சுற்றிக்கொண்டு லண்டன் போய்ச் சேர்ந்தார். 1838-ல் டாக்டர் தொழில் நடத்துவதற்கான தேர்வுகளில் தேறி, சோஹோ பகுதியில் பிரித் வீதி 54-ம் எண் வீட்டில் பெயர்ப் பலகை மாட்டினார்.

பணக்கார உறவும் கிடையாது, சிபாரிசும் கிடையாது. நோயாளிகள் குறைவாகவே வந்தனர். கிடைத்த நேரத்தில் படித்தார். 1844-ல் லண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டம் பெற்றார். டாக்டர்கள் கூடும் சங்கக் கூட்டங்களுக்குத் தவறாமல் சென்றார். அவர் பேச எழுந்தால் முதலில் யாரும் காது கொடுக்கவில்லை. கம்மிய குரல், பேச்சில் அலங்காரம் கிடையாது. இருந்தும் விடவில்லை. சுவாசம் எப்படி நடக்கிறது, மூச்சுத் திணறிப் பிறக்கும் குழந்தையை எப்படிப் பிழைக்க வைப்பது என்பவை பற்றி ஆராய்ந்தார். காற்றும் மூச்சும்தான் அவர் பாடம். அந்தப் பாடம் விரைவில் கைகொடுத்தது.

அமெரிக்காவிலிருந்து வந்த செய்தி

அந்தக் காலத்தில் ஆபரேஷன் என்றால் நாலு பேர் நோயாளியை அமுக்கிப் பிடிக்க வேண்டும். யார் வேகமாக அறுக்கிறாரோ அவரே சிறந்த டாக்டர். இந்த நிலையில் 1846-ம் ஆண்டு அக்டோபர் 16-ந்தேதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்ற பல் டாக்டர் ஈதர் என்னும் திரவத்தின் ஆவியை நோயாளிக்கு முகரக் கொடுத்தார். வலி தெரியாமல் ஆபரேஷன் நடந்தது. செய்தி கப்பலேறி இங்கிலாந்து வந்தது. டிசம்பர் 21-ந்தேதி லண்டனில் புகழ்பெற்ற சர்ஜன் லிஸ்டன், ஈதர் கொடுத்து ஒருவரின் காலை எடுத்தார்.

அந்த டிசம்பர் மாதக் கடைசியில் ஸ்நோ ஈதர் மயக்கத்தை நேரில் பார்த்தார். எல்லோரும் அதிசயித்து நின்றபோது அவர் ஒரு குறையைக் கவனித்தார். ஒரு நோயாளி நிம்மதியாகத் தூங்குகிறார். அடுத்தவர் அதே மருந்தை முகர்ந்தும் உதறுகிறார், அலறுகிறார். இன்னொருவர் முகம் நீலம் பூத்துவிடுகிறது. மருந்து ஒன்றுதான், பலன் ஏன் மாறுகிறது?

ஸ்நோ விடை கண்டார். ஈதர் விரைவில் ஆவியாகும் திரவம். குளிர்ந்த அறையில் குறைவாக ஆவியாகும். வெப்பமான அறையில் அதிகமாக ஆவியாகும். ஆகவே நோயாளி எவ்வளவு மருந்தை உள்ளே இழுக்கிறார் என்பது கொடுப்பவருக்கே தெரிவதில்லை. எந்த வெப்பநிலையில் காற்றில் எவ்வளவு ஈதர் கலக்கும் என்று அவர் அட்டவணை போட்டார். 1847 ஜனவரியிலேயே ஒரு கருவியும் செய்தார். அது ஒரு தகரப் பெட்டி. உள்ளே நத்தை ஓடுபோல் சுற்றிச் செல்லும் பாதை. பெட்டியைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்துவிட்டால் ஈதரின் வெப்பநிலை சட்டென்று மாறாது. அதிலிருந்து அகலமான குழாய் வழியே முகமூடிக்கு ஆவி போகும். முகமூடியில் உள்ள வால்வை நகர்த்தி, வெளிக்காற்றை வேண்டிய அளவு கலந்துகொள்ளலாம்.

ஐந்து படிகள்

கருவி, உள்ளே போவதை அளந்தது. உள்ளே போன மருந்து நோயாளியை எவ்வளவு ஆழத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது என்று எப்படி அறிவது? மயங்கியவரை எழுப்பிக் கேட்க முடியாதே!

1847-ல் வெளியிட்ட நூலில் ஸ்நோ இதற்கு வழி சொன்னார். மயக்கத்தை ஐந்து படிகளாகப் பிரித்தார். முதல் படியில் தலை இலேசாகச் சுற்றும். ஆனால் தான் யார், எங்கே இருக்கிறோம் என்ற நினைவு இருக்கும். இரண்டாம் படியில் அறிவு குழம்பும். கனவு காண்பவர் போலப் பேசலாம், கையை ஆட்டலாம். மூன்றாம் படியில் தானாக நினைத்துச் செய்யும் அசைவு நின்றுவிடும். ஆயினும் கத்தி பட்டால் முனகலாம், உடம்பு இழுக்கலாம். நான்காம் படியில் தசைகள் தளர்ந்து, மூச்சு ஒன்றுதான் ஓடிக்கொண்டிருக்கும். ஐந்தாம் படியில் அந்த மூச்சும் தடுமாறி நிற்கத் தொடங்கும். அந்தப் படியை அவர் மிருகங்களிடம் சோதித்துத்தான் கண்டார். எந்த மனிதரையும் அங்கே கொண்டுபோகக் கூடாது என்பதே அவர் விதி.

எந்தப் படி என்று கண்டுபிடிக்க அவரிடம் மின்சாரக் கருவி ஏது? கண்ணும் காதும் விரல்நுனியும்தான். மூச்சு சீராக இருக்கிறதா, இமை ஓரத்தைத் தொட்டால் கண் சிமிட்டுகிறதா, கை துவண்டுவிட்டதா என்று ஓயாமல் கவனித்தார். மருந்தை நிறுத்தினால் நோயாளி இறங்கிய படிகளிலேயே மறுபடி ஏறி வருவார் என்பதையும் கண்டார்.

நகத்துக்காகப் போன உயிர்

1847 நவம்பரில் எடின்பரோ டாக்டர் சிம்சன், குளோரோபாரம் என்ற புதிய மருந்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஈதரைவிட வேகம்; வாசனை இனிமை; கருவி வேண்டாம், கைக்குட்டையில் ஊற்றி மூக்கருகே பிடித்தால் போதும். நாடெங்கும் குளோரோபாரம் பரவியது.

1848 ஜனவரி 28-ந்தேதி நியூகாசிலுக்கு அருகே 15 வயதுப் பெண் ஒருத்திக்குக் கால்விரல் நகத்தை எடுக்கக் குளோரோபாரம் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் அவள் இறந்துபோனாள். ஒரு நகத்துக்காக ஓர் உயிர்! நாடே அதிர்ந்தது.

ஸ்நோவின் கருத்து தெளிவாக இருந்தது. கைக்குட்டையில் ஊற்றும்போது காற்றில் எவ்வளவு மருந்து கலக்கிறது என்று யாருக்கும் தெரியாது. செறிவான ஆவி ஒரேயடியாக உள்ளே போனால் இதயமே நின்றுவிடும். நோயாளி சுவாசிக்கும் காற்றில் குளோரோபார ஆவி நூற்றுக்கு நாலைந்து பங்குக்கு மேல் போகக் கூடாது என்றார். அதற்கும் கருவி செய்தார்.

இன்னொரு கணக்கும் போட்டார். இரத்தம் எவ்வளவு குளோரோபாரத்தைக் கரைத்துக்கொள்ள முடியுமோ, அதில் 56-ல் ஒரு பங்கு சேர்ந்தால் இரண்டாம் படி. 28-ல் ஒரு பங்கு சேர்ந்தால் நான்காம் படி. அதாவது கனவு நிலைக்கும் கட்டை போலக் கிடக்கும் நிலைக்கும் இடையே இரண்டு மடங்குதான் வித்தியாசம்! இவ்வளவு குறுகலான பாதையில் குத்துமதிப்பு உதவாது என்பதை எண்ணிக்கையால் காட்டிவிட்டார்.

அவர் வாழ்நாளில் குளோரோபாரம் மட்டும் நாலாயிரம் தடவைக்கு மேல் கொடுத்தார். ஒவ்வொரு கேஸையும் நோட்டில் எழுதி வைத்தார். ஏழைப் பிள்ளையின் பல் பிடுங்கியதும் அதில் உண்டு. அரண்மனை கேஸும் உண்டு.

மகாராணியின் பிரசவம்

1853-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந்தேதி விக்டோரியா மகாராணிக்கு எட்டாவது பிரசவம். வலி குறைக்க ஸ்நோவை அழைத்தார்கள். தகரப் பெட்டியை அவர் பயன்படுத்தவில்லை. மடித்த கைக்குட்டையில் சில துளிகள் விட்டு, வலி வரும்போது மட்டும் முகரக் கொடுத்தார். இப்படி 53 நிமிடம் நடந்தது. இளவரசர் லியோபால்டு பிறந்தார். மகாராணி நினைவு இழக்கவே இல்லை.

கைக்குட்டையைக் கண்டித்தவர் தாமே கைக்குட்டையை எடுத்தது ஏன்? முதல் படியைத் தாண்டக் கூடாது என்று தீர்மானித்து, ஒவ்வொரு முறையும் துளியை அளந்து விட்டார். எந்த வேலைக்கு எந்த ஆழம் போதும் என்று அறிந்தவருக்குக் கைக்குட்டையும் கருவியாயிற்று. 1857-ல் இளவரசி பியாட்ரிஸ் பிறந்தபோதும் அவரையே அழைத்தார்கள். பிரசவ வலியைப் போக்குவது தவறு என்று பேசியவர்களின் குரல் அதன்பின் தாழ்ந்தது. கூலித் தொழிலாளியின் மகன் அரண்மனைக்குள் போய் வந்தார். வீடு திரும்பி வழக்கம்போல நோட்டில் குறித்துக்கொண்டார்.

தண்ணீரில் ஒளிந்த நஞ்சு

காலரா கெட்ட காற்றால் வருகிறது என்று அக்காலப் பெரிய டாக்டர்கள் நம்பினார்கள். ஆவி காற்றில் எப்படிக் கலக்கும், எப்படி நீர்த்துப்போகும் என்று கணக்குப் போட்டவர் ஸ்நோ. காற்றில் வந்த நஞ்சு என்றால் நுரையீரலை அல்லவா முதலில் தாக்க வேண்டும்? குடலை ஏன் தாக்குகிறது? நோய் வாய் வழியே, தண்ணீர் மூலம் புகுகிறது என்று 1849-ல் எழுதினார். யாரும் ஏற்கவில்லை.

1854-ல் சோஹோவில், பிராடு வீதியைச் சுற்றி 600 பேருக்கு மேல் காலராவில் மாண்டார்கள். ஸ்நோ வீடு வீடாக ஏறி விசாரித்தார். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே கைப்பம்பின் தண்ணீரைக் குடித்தவர்கள். அவர் எடுத்துச் சொன்னதன் பேரில் செப்டம்பர் 8-ந்தேதி அந்தப் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் சாவு குறையத் தொடங்கியிருந்தது. எனவே அவருடைய பெரிய சாட்சியம் வேறு இடத்தில் இருந்தது. தென் லண்டனில் இரண்டு கம்பெனிகள் தண்ணீர் விநியோகித்தன. சாக்கடை கலந்த ஆற்று நீரைக் கொடுத்த கம்பெனியின் 10 ஆயிரம் வீடுகளுக்கு 315 பேர் இறந்தார்கள். ஆற்றின் மேல்பகுதியிலிருந்து நீர் எடுத்த கம்பெனியின் 10 ஆயிரம் வீடுகளுக்கு 37 பேர்தான். அப்போதும் பெரியவர்கள் முழுதாக ஒப்பவில்லை.

45 வயதில் முடிந்த வாழ்க்கை

ஸ்நோவின் நேர்மைக்கு ஒரு சான்று. 1856-ல் அமைலீன் என்ற புதிய மருந்தைப் பயன்படுத்திப் பார்த்தார். இருநூறு தடவைக்கு மேல் கொடுத்த அந்த மருந்தில் இரண்டு நோயாளிகள் இறந்தனர். அவர் எதையும் மறைக்கவில்லை. நடந்ததை டாக்டர்கள் அறிய எழுதினார்; மருந்தையும் கைவிட்டார்.

1858 ஜூன் 10-ந்தேதி, மயக்க மருந்துகள் பற்றிய பெரிய நூலை எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கவாதம் தாக்கியது. ஜூன் 16-ந்தேதி காலமானார். வயது 45. நண்பர் டாக்டர் ரிச்சர்ட்சன் அந்த நூலை அதே ஆண்டில் வெளியிட்டார். லான்செட் என்ற பிரபல மருத்துவப் பத்திரிகை அவர் மறைவுக்குச் சில வரிகளே ஒதுக்கியது. காலரா ஆராய்ச்சியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. 2013-ல், அவர் பிறந்து 200 ஆண்டு ஆனபோதுதான் அந்தக் குறையை அதே பத்திரிகை திருத்திக்கொண்டது!

ஹைதராபாத் ஆராய்ச்சி

ஸ்நோ விட்டுச் சென்ற கேள்வி பிறகு நம் நாட்டுக்கும் வந்தது. 1888, 1889-ம் ஆண்டுகளில் ஹைதராபாத்தில் குளோரோபாரம் பற்றி இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் கூடின. தூண்டியவர் அங்கிருந்த டாக்டர் லாரி. பண உதவி செய்தவர் நிஜாம். இரண்டாவது குழுவுக்கு லண்டனிலிருந்து டாக்டர் பிரண்டன் வந்தார். நாய்களையும் குரங்குகளையும் சோதித்து, மூச்சை மட்டும் கவனித்தால் போதும், நாடியைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று முடிவு சொன்னார்கள். அந்த முடிவு நிலைக்கவில்லை. குளோரோபாரத்தில் இதயமும் திடீரென்று நிற்பதுண்டு, அதுவும் இலேசான மயக்கத்திலேயே நேரலாம் என்று 1911-ல் லண்டன் ஆராய்ச்சி காட்டியது. மூச்சு, நாடி இரண்டையும் பார்க்க வேண்டும் என்பது உறுதியாயிற்று. குளோரோபாரம் இன்று வழக்கொழிந்துவிட்டது.

அசையாதவர் விழித்திருந்தால்?

ஸ்நோவின் படிகளை அமெரிக்க டாக்டர் கெடல் முதல் உலகப் போர்க் காலத்தில் மேலும் விரிவாக்கினார். கண்மணியின் அசைவு, மூச்சின் போக்கு ஆகியவற்றைக் கொண்டு ஆழம் அறியும் அட்டவணை தயாரித்துச் சிப்பாய்களுக்குக் கற்பித்தார்.

1942-ல் கனடா நாட்டு மான்ட்ரியல் நகரில் கிரிபித் என்ற டாக்டர், தசைகளைத் தளர்த்தும் மருந்தை மயக்க மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார். இதனால் குறைந்த மயக்கத்திலேயே வயிற்றை அறுக்க முடிந்தது. நல்லதுதான். ஆனால் புதிய ஆபத்து ஒன்றும் வந்தது. தசை தளர்ந்தவர் விழித்துக்கொண்டாலும் விரலைக்கூட அசைக்க முடியாது. வாய் திறந்து சொல்லவும் முடியாது. ஸ்நோ நம்பியிருந்த பல அடையாளங்கள் அங்கே பேசாமல் போயின.

இப்போது வெளிவிடும் மூச்சில் எவ்வளவு மயக்க வாயு இருக்கிறது என்று கருவி காட்டுகிறது. நெற்றியில் ஒட்டும் பட்டை மூலம் மூளையின் மின்னலைகளைப் பிடித்து, 0 முதல் 100 வரை எண்ணாகத் தரும் கருவி 1990-களில் வந்தது. முழு விழிப்பு 100-ஐ ஒட்டி இருக்கும். ஆபரேஷனுக்கு 40 முதல் 60 வரை என்று கணக்கு. இந்தக் கருவி எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. இருக்கும் இடத்திலும் அந்த எண் ஒரு சாட்சியே தவிரத் தீர்ப்பு ஆகாது. நினைவு திரும்பியதாகப் புகார் சொன்னவர்கள் சுமார் 19 ஆயிரம் மயக்கங்களுக்கு ஒருவர் என்று பிரிட்டன், அயர்லாந்து நாடுகளில் நடந்த கணக்கெடுப்பு 2014-ல் தெரிவித்தது. அபூர்வம்தான், ஆனால் அந்த ஒருவருக்கு அது சிறிய விஷயமா?

ஆகவே ஆபரேஷனுக்கு முன்நாள் மயக்க மருந்து டாக்டர் வந்து கேள்வி கேட்டால் சலித்துக்கொள்ளாமல் உண்மையைச் சொல்ல வேண்டும். கடைசியாக எப்போது சாப்பிட்டோம், என்ன மாத்திரை விழுங்குகிறோம், பீடி, சிகரெட், மது உண்டா, ஆடும் பல் இருக்கிறதா, முன்பு மயக்கம் கொடுத்தபோது ஏதாவது தொந்தரவு வந்ததா? மறைத்தால் அவருடைய கணக்குத்தான் தப்பும். பக்கத்தில் மனைவி மக்கள் இருக்கிறார்களே என்று வெட்கப்பட்டு மதுப் பழக்கத்தை மறைப்பவர்கள் உண்டு. தனியாக அழைத்தாவது சொல்லிவிடுங்கள்.

கேட்டு முடித்து எழுந்து போகும்போது அவர் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் நாம் தூங்கும்போது நமக்காக விழித்திருக்கப்போகிறவர் அவர்தான்.